முரசு என்றொரு தலைச்சொல்

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. பெயரைச் சொன்னால் பக்கத்து நாட்டுக்காரர் சண்டைக்கு வருவார், விட்டுவிடுவோம். அந்த அரண்மனை மாடியில், அரசவை கூடும் இடத்திலேயே, ஓலைச் சாளரம் என்று ஒன்று. வெளியே போகிற ஓலையெல்லாம் அங்கே உட்கார்ந்திருக்கும் பூதத்தான் கைக்குத்தான் போகும். ஓலையின் தலையில் ‘குதிரை’ என்றிருந்தால் குதிரைக்காரனிடம் கொடுப்பான். ‘படகு’ என்றிருந்தால் படகுக்காரனிடம். வேறு தலைச்சொல் எதுவானாலும், “எனக்குத் தெரியாது” என்று சாளரத்துக்கு வெளியே வீசிவிடுவான். அவனுக்கு இட்ட சட்டம் அப்படி.

அரசரின் பாட்டனார் காலத்தில் குன்றுக்குக் குன்று முரசு மேடை கட்டியிருந்தார்கள். ஒரு மேடையில் அடித்தால் அடுத்த மேடைக்காரன் கேட்டு அடிப்பான். முரசு மொழியில் சொல்ல முடியாத சேதி கிடையாது. ஆனால் சாளரத்தில் அதற்குத் தலைச்சொல் இல்லாததால் முரசுக்காரர்கள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

“மன்னா, ‘முரசு’ என்ற சொல்லையும் சேர்க்க ஆணையிடுங்கள்” என்றான் அரசவை விகடன் நக்கண்ணன்.

அமைச்சர் வில்லவராயருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விகடன் வாயைத் திறந்தாலே அவருக்கு ஆகாது. “இன்று முரசு, நாளை புறா, மறுநாள் புகை! பூதத்தான் தலை என்ன பரணா, பழையதையெல்லாம் ஏற்றிவைக்க? மேடைகளை இடித்துக் குதிரை லாயம் கட்டுவோம், மன்னா!”

நக்கண்ணன் முரசுக்காரர்களை நினைத்துக்கொண்டான். எத்தனை வீட்டு அடுப்பு அந்த மேடைகளை நம்பி எரிகிறது!

அரசர் இருவரையும் பார்த்தார். “மலையுச்சியில் குறிஞ்சி பூத்ததா என்று மகாராணி காலையிலிருந்து என்னைத் துளைத்தெடுக்கிறாள். பொழுது சாய்வதற்குள் பதில் வேண்டும்.”

குதிரை போய்வரவே நாலைந்து நாளாகும். வில்லவராயர் மீசையைத் தடவினார். “விகடனே கொண்டுவரட்டும். கேள்வி சாளரத்தின் வழியே போகவேண்டும், பதிலும் சாளரத்தின் வழியே வரவேண்டும். பூதத்தானுக்குப் புதுச்சொல் ஒன்றும் கற்பிக்கக்கூடாது. தவறினால் மேடைகளை இடிப்போம், இவனும் ஊரைவிட்டுப் போகட்டும்.”

“அப்படியே ஆகட்டும்” என்றார் அரசர்.

நக்கண்ணன் ஒரே ஓட்டமாகக் கீழே போய்வந்தான். பிறகு ‘முரசு’ என்று தலையில் எழுதி, கேள்வியையும் எழுதிப் பூதத்தானிடம் நீட்டினான். அவை முழுக்கக் கழுத்தை நீட்டிப் பார்த்தது.

“எனக்குத் தெரியாது” என்ற பூதத்தான், ஓலையை வீசினான்.

வில்லவராயர் கைகொட்டிச் சிரித்தார். சிரிப்பு அடங்குமுன் கீழே முற்றத்தில் முரசு அதிர்ந்தது! அடுத்த குன்று அதிர்ந்தது, அதற்கடுத்த குன்றும்! சாளரத்துக்கு நேர் கீழே முரசுக்காரன் மாசாத்தனை உட்காரவைத்திருந்தான் நக்கண்ணன்.

வெயில் சரிந்தது. நக்கண்ணன் மலைப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். திடீரென்று மலைப்பக்கமிருந்து முழக்கம் உருண்டு வந்து சாளரத்துக்குள் நுழைந்தது. மாசாத்தன் கீழிருந்து கத்தினான்: “பூத்திருக்கு மகாராசா! மலையே நீலமா கெடக்காம்!”

“மோசடி!” என்றார் வில்லவராயர்.

“எது ஐயா மோசடி? பூதத்தான் ஒரு சொல்லும் கற்கவில்லை. தெரியாததை வீசினான், தெரிந்தவன் பிடித்துக்கொண்டான். பதிலும் சாளரத்தின் வழியேதானே வந்தது?”

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “மேடைகள் நிற்கட்டும்! பழைய வழி தெரிந்தவர்கள் எல்லாரும் சாளரத்தடியில் உட்காரட்டும்!” கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றினார். ஓர் ஓலையில் ‘விகடன்’ என்று எழுதி, மாலையோடு கட்டிப் பூதத்தானிடம் கொடுத்தார்.

பூதத்தான் படித்தான். “எனக்குத் தெரியாது, மன்னா.” வெளியே வீசினான்.

அவையோர் திரும்பிப் பார்த்தபோது நக்கண்ணன் அங்கே இல்லை. கீழே முற்றத்தில், துண்டை அகல விரித்துப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தான்.