உடும்பு படுக்க மறுத்த கணினி

ஒரு காட்டில் ஒரு கணினி இருந்தது. காட்டுக்குள் மின்சாரம் எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள், குழந்தைகளே. கேட்டால் கதை இங்கேயே நின்றுவிடும்.

ஆற்றங்கரைப் பாறைக் குகைக்குள் இருந்த அந்தக் கணினியை ஓர் அணில் பார்த்துக்கொண்டது. அணிலுக்கு எதுவும் உடனே நடக்க வேண்டும். பழம் பழுக்கும்வரை பொறுக்காமல் காயைக் கடித்துவிட்டு முகத்தைச் சுளிக்கும்.

மலையில் மழை பெய்தால் காகம் பறந்து வந்து அளவைச் சொல்லும். அணில் அந்த அளவைக் கணினியில் தட்டும். ஆற்றின் நடுத்திட்டுக்கு வெள்ளம் எப்போது வந்து சேரும் என்று கணினி கணக்குப் போட்டுச் சொல்லும். அந்தக் கணக்கைப் போட்டு முடிக்க அதற்கு ஆறு மணி நேரம் ஆகும்.

அந்தத் திட்டில்தான் முயல் தன் குட்டிகளோடு குடியிருந்தது. கரையில் நரி நடமாட்டம் இருந்ததால், வெள்ளம் நிச்சயம் என்று தெரிந்தால்தான் முயல் குட்டிகளை வெளியே எடுக்கும். விழுந்து கிடந்த ஒரு மரத்தின் மேல் ஒவ்வொரு குட்டியாகக் கவ்விக்கொண்டு கரைக்கு நடக்க வேண்டும்.

அந்த வருஷத்து முதல் மழையில் விடையும் வெள்ளமும் ஒன்றாக வந்தன. நான்கு குட்டிகளில் ஒன்றை ஆறு கொண்டுபோய்விட்டது.

முயல் அணிலை ஒரு சொல்கூடக் குறை சொல்லவில்லை. ஆனால் அணிலுக்குத் தீனி இறங்கவில்லை. "ஒரே ஒரு மணி நேரம் முந்திச் சொல்லியிருந்தா அந்தக் குட்டி பிழைச்சிருக்குமே" என்று நினைத்து நினைத்து அழுதது. பாவம், அதன் மனசில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை.

கணினிக்குள் செயலி என்று ஒரு சில்லு உண்டு. கணக்கையெல்லாம் போடுவது அதுதான். அதன் வேகத்தைப் படிப்படியாகக் கூட்ட வழியும் உண்டு. அணில் எட்டுப் படியை ஒரே தாவாகத் தாவியது.

பிறகு ஒரு குட்டிக் கணக்கைக் கொடுத்துப் பார்த்தது. கண்ணை மூடித் திறப்பதற்குள் விடை வந்துவிட்டது!

"முயலக்கா! இனிமே ஆறு மணி நேரம் இல்ல, ரெண்டே மணி நேரம்! நான் சொல்ற வரைக்கும் நீ திட்டுலேயே நிம்மதியா இரு."

"உன்னை நம்பித்தான் இருக்கேன், அணிலு" என்று சொல்லி, முயல் ஒரு கட்டு அருகம்புல் கொண்டுவந்து வைத்தது. அணில் புல் தின்னாது. ஆனாலும் மறுக்காமல் வாங்கி வைத்துக்கொண்டது.

மறுநாள் அணில் ஒரு பெரிய கணக்கைக் கொடுத்தது. ஒரு மணி நேரம் ஓடிய பிறகு திரை நீலமாகி, கணினி அப்படியே நின்றுபோனது.

காகம் எட்டிப் பார்த்தது. பாதி கேட்டதை முழுசாகச் சொல்லுவது அதன் வழக்கம்.

"டவுன்ல கடைக்காரர் செஞ்சதை நான் என் கண்ணால பாத்திருக்கேன். இப்படி நின்னுபோச்சுன்னா மின்னழுத்தத்தைக் கூட்டணும்."

"எவ்வளவு கூட்டணும்?"

"அதைப் பாக்குறதுக்குள்ள அவர் என்னைக் கல்லால அடிச்சுட்டார். நீ நிறையக் கூட்டு!"

அணில் நிறையக் கூட்டியது. கை சும்மா இருக்குமா? நினைவகத்தின் வேகத்தையும் மாற்றியது. விசிறியின் அமைப்பையும் மாற்றியது. இன்னும் இரண்டு இடங்களில் எதையோ தொட்டது. மறுபடி குட்டிக் கணக்கைக் கொடுத்தது. விடை டக்கென்று வந்தது.

"சரியாப் போச்சு!" என்று அணில் குதித்தது.

அந்தக் கணினிப் பெட்டியின் மேல் எப்போதும் ஓர் உடும்பு படுத்திருக்கும். இளஞ்சூடு அதற்கு உயிர். பிடித்த இடத்தை லேசில் விடாத பிராணி. அப்படிப்பட்ட உடும்பு அன்று பெட்டியைவிட்டுக் கீழே இறங்கிவிட்டது.

"பெட்டி சுடுது, அணிலு. வயிறு கொப்பளிச்சுரும்போல இருக்கு."

"எனக்கு மூணு குட்டிங்க உசிரு பெரிசு. உனக்கு உன் படுக்கைதான் பெரிசு!" என்று அணில் எரிந்து விழுந்தது.

உடும்பு வெறும் பாறையில் போய்ப் படுத்துக்கொண்டது.

அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு, காகம் நனைந்துகொண்டே வந்து சேர்ந்தது. "மலையில பேய் மழை! இந்தா அளவு!"

அணில் அவசரமாக அதைக் கணினியில் தட்டியது. எட்டு மணிக்கு விடை வந்திருக்க வேண்டும். ஏழரைக்குத் திரை நீலமானது. அணில் மின்னழுத்தத்தை இன்னும் ஏற்றிவிட்டு, கணக்கை முதலிலிருந்து தொடங்கியது. ஒன்பதுக்கு மறுபடி நீலம். வேறு எதையெதையோ மாற்றி இன்னும் இரண்டு முறை தொடங்கியது. பன்னிரண்டு மணிக்கு மறுபடியும் அதே நீலம்.

ஏழெட்டு இடங்களில் கை வைத்தாயிற்று. இதில் எது கெடுத்தது? அணிலுக்குத் தெரியவில்லை. தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. வெளியே ஆற்றுத் தண்ணீர் செம்மண் நிறமாக மாறிக்கொண்டிருந்தது.

அப்போது பாறையிலிருந்து உடும்பு கேட்டது. குத்திக் காட்டக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டது.

"ஏன் அணிலு, பழைய வேகத்துலயே விட்டிருந்தா இந்நேரம் விடை வந்திருக்கும்ல?"

ஆறும் ஆறும் பன்னிரண்டு. அணில் துள்ளி எழுந்தது.

உடனே அது காகத்தைக் கூப்பிட்டது. "பறந்து போய் முயலக்காகிட்டச் சொல்லு. என் கணினியை நம்பி இருக்க வேண்டாம். இப்பவே குட்டிகளைத் தூக்கச் சொல்லு."

"அது வேலை செய்யலைன்னு சொல்லணுமா? காடு முழுக்கச் சிரிக்குமே! உன் மானம் போயிருமே!"

"மானம் போனாப் போகட்டும். குட்டி போகக்கூடாது. போ!"

காகம் அம்பாகப் பறந்தது. முயல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முதல் குட்டியைக் கவ்விக்கொண்டு மரத்தின் மேல் ஏறியது. காகம் கரையில் உட்கார்ந்து, நரி கிட்டே வராதபடி தொண்டை கிழியக் கத்தியது. இரண்டாவது குட்டியும் வந்து சேர்ந்தது. மூன்றாவது குட்டியோடு முயல் பாதி மரம் தாண்டியபோது தண்ணீர் அதன் கால்களை நனைத்தது. குகையிலிருந்து ஓடி வந்த அணில் கரையில் நின்று பார்த்தது.

முயல் கரையில் குதித்த கொஞ்ச நேரத்தில் மரம் மூழ்கிப்போனது.

அணில் ஓடிப்போய் முயலின் காலில் விழுந்தது. "உன்னைக் கொல்லப் பாத்தேனே, அக்கா!"

"நீ எங்களுக்காகத்தானே அவசரப்பட்ட?" என்று முயல் அதை நக்கிக் கொடுத்தது. "எந்திரி. குட்டிங்க குளிர்ல நடுங்குது. உன் வாலைக் கொஞ்சம் போர்த்து."

மழை ஓய்ந்தது. அணில் மாற்றியதையெல்லாம் பழையபடி திருப்பி வைத்தது. பிறகு உடும்பிடம் போய், "அண்ணே, தப்பா பேசிட்டேன். பெட்டி மேல வந்து படு. சுட்டா உடனே சொல்லு" என்றது.

செயலியின் வேகத்தை ஒரே ஒரு படி கூட்டியது. வேறு எதையும் தொடவில்லை. போன மழையின் பெரிய கணக்கைக் கொடுத்துவிட்டு, வாலைக் கடித்துக்கொண்டு கடைசிவரை காத்திருந்தது. கணினி நிற்கவில்லை. உடும்பு குறட்டை விட்டது.

அடுத்த நாள் இரண்டாவது படி. அன்றும் குறட்டைதான். ஆனாலும் அணில் இன்னும் இரண்டு நாள் அதே படியில் அதே கணக்கைப் போட வைத்தது.

அதற்கடுத்த நாள் மூன்றாவது படி. மூன்று மணி நேரம் கழித்து உடும்பு நெளிந்தது. நான்காவது மணியில் கீழே இறங்கியது. சிறிது நேரத்தில் திரை நீலமானது.

அணில் கோபித்துக்கொள்ளவில்லை. இரண்டாவது படிக்கே திரும்பி வந்து, அங்கேயே நிறுத்திக்கொண்டது. பிறகு முயலிடம் போய்த் தலையைக் குனிந்துகொண்டு சொன்னது:

"ஆறு மணி நேரம் இப்ப அஞ்சு மணி நேரம் ஆயிருக்கு, அக்கா. ஒரு மணி நேரம்தான் மிச்சம் பிடிக்க முடிஞ்சுது."

முயல் தன் மூன்று குட்டிகளையும் பார்த்தது. இல்லாத குட்டியின் இடத்தையும் பார்த்தது.

"ஒரு மணி நேரம் போதும், அணிலு. அதுக்குள்ள நாலு குட்டி இருந்தாக்கூடத் தூக்கிருவேன்" என்றது.

நீதி: ஒருவர் உன்னை நம்பிக் காத்திருக்கும்போது, எவ்வளவு வேகமாக ஓடுகிறாய் என்பதைவிட நடுவில் நின்றுவிடாமல் போய்ச் சேருகிறாயா என்பதே பெரிது.