பொய்க்கூரையில தொங்கின விளக்கு

ஒரு ஊர்ல ஒரு பொண்ணு தலைமேல வெள்ளையா பொடி கொட்டுது. பொட பொடன்னு. கொஞ்சம்தான், ஒரு சிட்டிகை இருக்கும். அந்தப் பொண்ணு பேரு கோகிலா. நிறைமாசம். வளைகாப்பு நடந்துட்டிருக்கு. நடு ஹால்ல, நாற்காலியில, மாலையும் கழுத்துமா உக்காந்திருக்கா. ரெண்டு கன்னத்துலயும் சந்தனம். சுத்தி ஒரே பொம்பளைங்க கூட்டம். கை நிறைய கண்ணாடி வளையல், கலகல கலகலன்னு.

பொடி விழுந்ததப் பாத்துட்டு ஈரோட்டு அத்தை என்ன சொல்லுச்சு தெரியுமா? "பாத்தீங்களா, சாமியே மேல இருந்து திருநீறு போடுது!" உடனே எல்லாரும் கன்னத்துல போட்டுக்கிட்டாங்க.

ஒருத்தன் மட்டும் போட்டுக்கல. அவன் கதவோரமா நிக்கிறான். பேரு செங்கோடன். கோகிலாவோட வீட்டுக்காரன். அது திருநீறு இல்லன்னு அவனுக்குத் தெரியும். கூரைதான் பொடியுது. கோகிலா தலைக்கு நேர் மேல ஒரு விளக்கு தொங்குது. பித்தளை. அஞ்சு கிலோ அரிசிப் பை கனம். அது கழண்டு வருது.

ம் சொல்லு. சொன்னாத்தான் மேல சொல்லுவேன்.

"ம்... அண்ணா, அது யாரு மாட்டினா?"

அவனேதான். அதான் கதையே. கண்ண மூடிட்டுக் கேளு.

அந்த வீட்டுக் கூரைக்குக் கீழ இன்னொரு கூரை. ஃபால்ஸ் சீலிங்குன்னு சொல்லுவாங்க. பொய்க்கூரை. பாக்க வழவழன்னு அழகா இருக்கும். தட்டினா டொக்கு டொக்குன்னு அட்டைப் பெட்டி மாதிரி கேக்கும். நிஜமான கூரை அதுக்கும் மேல ஒரு முழம் தள்ளி இருக்கு, கான்கிரீட்டு. அந்தப் பொய்க்கூரைக்குள்ள ஒரு வட்ட லைட்டைப் பதிச்சு வெச்சிருந்தாங்க. தட்டையா, தோசை மாதிரி.

அந்த லைட்டுல என்ன கஷ்டம்னா, வெளிச்சம் நட்டக்குத்தலா உச்சந்தலையில விழும். வளைகாப்புக்கு முந்தின நாள் கோகிலா பட்டுச்சேலை கட்டிப் பாத்து, அதுக்குக் கீழ நின்னு போன்ல ஒரு போட்டோ எடுத்தா. பாத்தா, கண்ணு ரெண்டும் குழியா கருப்பா இருக்கு. "என்ன மாமா, பேய் மாதிரி இருக்கேன்"னு உதட்டப் பிதுக்கிட்டா.

அவ்வளவுதான். செங்கோடன் கடைக்கு ஓடினான். பெரிய மணியைக் கவுத்து வெச்ச மாதிரி ஒரு தொங்கு விளக்கு வாங்கிட்டு வந்தான். உள்ள மூணு குண்டு பல்பு, மஞ்சளா எரியும். மெயினை அணைச்சான். ஏணி போட்டு ஏறினான். பழைய லைட்டை ரெண்டு பக்கமும் புடிச்சு இழுத்தான். ரெண்டு ஸ்பிரிங்குதான் அதைத் தாங்கிட்டிருந்துச்சு. டப்! டப்! வந்துருச்சு. அந்த இடத்துல ஒரு ஓட்டை. உள்ள எட்டிப் பாத்தா இருட்டு, மேல கான்கிரீட்டு.

அப்போ தொங்கு விளக்கை எதுல மாட்டணும்? கான்கிரீட்டுல துளை போட்டு, கொக்கி எறக்கி, அதுல மாட்டணும். அட்டைப்பெட்டி மேல படமே போட்டிருக்கு. செங்கோடனும் பேட்டரியில ஓடற டிரில் மெஷினை எடுத்தான். கொர்ர்ர்ர்ருன்னு ஒரே ஒரு தடவைதான் சத்தம் வந்துச்சு. அடுப்படியில இருந்து அவங்க அம்மா பாவாயி கரண்டியோட ஓடி வந்துச்சு.

"ஏண்டா, அறிவு இருக்கா? புள்ளத்தாச்சி இருக்கிற வீட்ல ஆணியே அடிக்கக் கூடாது. நீ கூரையில துளை போடறியா? கொழந்தைக்கு ஆகாது. எறங்கு!"

"அம்மா, மாட்டணுமில்ல?"

"கட்டித் தொங்க விடு. துளை கிளை போட்ட, நான் மனுசியா இருக்க மாட்டேன்."

அப்போ செங்கோடன் என்ன செஞ்சான்? பொய்க்கூரையைத் தாங்கறதுக்கு உள்ள ஒரு தகரப் பட்டி ஓடும். மெல்லிசு. கையால அழுத்தினா வளையும். அதுல கட்டுக்கம்பியைச் சுத்தி, விளக்கை மாட்டிட்டான். தாங்காதுன்னு அவனுக்கே தெரியும். ஒரு நாளைக்குத்தானே, அப்புறம் பாத்துக்கலாம்னு நெனச்சான். அம்மாகிட்ட சண்டை போட சோம்பேறித்தனம். வேற ஒண்ணும் இல்ல.

ம்?

"ம்."

இப்போ வளைகாப்புக்கு வா. பொடி விழுந்துச்சா? செங்கோடன் அதப் பாத்துட்டான். நானா இருந்தா அந்த இடத்துலயே கத்தியிருப்பேன். அவன் கத்தல. ஏன்னா வெக்கம். கட்டினது அவன்தானே. ஊரு சனமெல்லாம் இப்பதான், "விளக்கு அம்சமா இருக்கு மாப்ள"ன்னு சொல்லிட்டு உக்காந்திருக்கு.

அதனால நைசா கூட்டத்துக்குள்ள நுழைஞ்சு அம்மா காதுகிட்ட போனான். "அம்மா, கோகிலாவை எழுப்பி இந்தப் பக்கம் உக்கார வை."

"ஆலாத்தி சுத்தறதுக்கு முன்னாடி எழுப்பறதா? உக்காந்த எடத்த விட்டு நடுவுல எழுந்திரிக்கக் கூடாதுடா."

"இல்லம்மா, விளக்கு விழு..."

சொல்லி முடிக்கல. பாவாயி அவன் வாயைப் பொத்திருச்சு. கையெல்லாம் சந்தனம். அவன் மூக்குலயும் சந்தனம். "நல்ல காரியம் நடக்கிற எடத்துல என்ன வார்த்தை வருது உன் வாயில? போடா வெளிய. ஆம்பளைக்கு இங்க என்ன வேலை?"

பின்னாடி பொம்பளைங்க எல்லாம் சிரிக்கிறாங்க. "பொண்டாட்டிய விட்டுட்டு அஞ்சு நிமிசம் இருக்க முடியலயா உங்க மகனால?" அவனைத் தள்ளித் தள்ளிக் கதவுகிட்டயே கொண்டு வந்து விட்டுட்டாங்க.

அப்போ மறுபடியும் பொட பொட. இந்த தடவை ரெண்டு சிட்டிகை.

செங்கோடன் மேல பாத்தான். விளக்கு ஆடுது. இப்படிக்கா, அப்படிக்கா. ஏன் ஆடுது? பக்கத்துல ஃபேன் சுத்துது. யாரோ முழு வேகத்துல வெச்சிட்டாங்க. ஆட ஆட கம்பி தகரத்தை அறுக்குது. கிறீச்... கிறீச்... பாட்டுச் சத்தத்துல யாருக்கும் கேக்கல. அவனுக்குக் கேக்குது.

சுவரோரமா நழுவிப் போய் ஃபேனை அணைச்சான். டக்.

"ஐயோ வேகுது! யாரு அணைச்சது?" ஈரோட்டு அத்தை. டக். போட்டுருச்சு.

இவன் டக். அணைச்சான்.

"ஏன் மாப்ள, உங்களுக்கென்ன கோட்டி புடிச்சிருச்சா? பட்டுச்சேலை கட்டிட்டு உக்காந்திருக்கோம். புள்ளத்தாச்சிக்கு மயக்கம் வந்துராதா?" டக்.

"அத்தை, சொன்னாக் கேளுங்க..."

"தள்ளுங்க மாப்ள." அத்தை சுவிட்சுக்கு முன்னாடியே ஒரு நாற்காலியைப் போட்டு உக்காந்துருச்சு. பெரிய உருவம். நகத்த முடியாது. ஃபேன் சுத்துது. விளக்கு ஆடுது. கிறீச்... கிறீச்...

"அண்ணா, அவ மேல விழுந்துருமா?"

ம் மட்டும் சொல்லுன்னேன்ல?

"ம்."

அப்புறம் கோகிலா அவனைப் பாத்தா. அத்தனை கூட்டத்துக்கு நடுவுல அவன் மூஞ்சியைத்தான் பாத்தா. மூஞ்சி செத்துப் போயிருக்கு. என்னன்னு புருவத்தத் தூக்கிக் கேட்டா. அவன் வெரலை மேல காட்டினான். அவ மேல பாத்தா. பாத்துட்டு எழுந்திரிக்கப் பாத்தா. முடியல. ரெண்டு கையையும் ரெண்டு பொம்பளைங்க புடிச்சுட்டு வளையல் போடறாங்க. காலு ரொம்ப நேரம் தொங்கப் போட்டு உக்காந்ததுல வீங்கி, மரத்துப் போயிருக்கு. மடியில வேற தாம்பாளம்.

அப்போ கேட்டுச்சு. டிக்!

பொய்க்கூரையில ஒரு கோடு. சின்னதா. அப்புறம் அந்தக் கோடு ஓடுது, சர்ர்ர்ருன்னு, பல்லி ஓடற மாதிரி, இந்தச் சுவத்துல இருந்து அந்தச் சுவரு வரைக்கும்.

செங்கோடன் வெக்கத்த விட்டான். சாப்பாட்டுப் பந்தியில இருந்த பிளாஸ்டிக் ஸ்டூலைத் தூக்கினான். பொம்பளைங்க மடி மேலயும் தோளு மேலயும் தாண்டிக் குதிச்சு ஓடினான். புளிசாதத் தட்டு ஒண்ணு பறக்குது. பன்னீர்ச் செம்பு உருளுது. "டேய், டேய்"ங்கிறாங்க. நாற்காலிக்குப் பின்னாடி ஸ்டூலைப் போட்டான், ஏறினான், ரெண்டு கையையும் நீட்டினான்.

டங்!

தகரப் பட்டி அறுந்துச்சு. விளக்கு நேரா அவன் கையில வந்து விழுந்துச்சு. கரெண்டு ஒயரு மட்டும்தான் இப்ப மேல ஒட்டிட்டிருக்கு, நூலு மாதிரி. கோகிலா தலைக்கும் விளக்குக்கும் நடுவுல ஒரு சாண்தான்.

பாட்டு நின்னு போச்சு. வளையல் சத்தம் கூட இல்ல.

பல்பு இன்னும் எரிஞ்சுட்டுத்தான் இருக்கு. காலையில இருந்து எரியற குண்டு பல்பு. பித்தளை எப்படிச் சுடும்? தோசைக்கல்லுல கை வெச்ச மாதிரி. உஸ்ஸுங்குது. அவன் உதட்டக் கடிச்சிட்டு நிக்கிறான். கீழ ஸ்டூலு பன்னீர்ல வழுக்குது. மேல இருந்து சுண்ணாம்பு மாதிரி பொடி கொட்டி, ரெண்டு கண்ணும் ரொம்பிப் போச்சு. ஒண்ணும் தெரியல அவனுக்கு. கசக்கணும்னா கையை எடுக்கணும். கையை எப்படி எடுப்பான்?

"கோகிலாவ இழுங்க!"ன்னு கத்தினான். இப்பதான் கத்தறான்.

பொம்பளைங்க இழுக்கறாங்க. ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தா எப்படி வருவா? இவ கையை அவ புடிக்க, அவ சேலையை இவ மிதிக்க. பாவாயிதான் எல்லாரையும் தள்ளிட்டு வந்து, தாம்பாளத்தத் தூக்கி வீசிட்டு, மருமகளைக் கட்டிப் புடிச்சுத் தூக்குச்சு. ஆலாத்தி எடுக்கல. எதுவும் எடுக்கல. நடுவுலயே எழுப்பி, தரதரன்னு சுவரு வரைக்கும் கூட்டிட்டுப் போயிருச்சு.

அவனுக்கு அது தெரியாது. கண்ணுதான் தெரியலயே. வளையல் சத்தம் கேக்குது. ஆனா அங்க எல்லாரும் வளையல் போட்டிருக்காங்க. கிட்டயும் கேக்குது, எட்டவும் கேக்குது. கோகிலா போயிட்டாளா? இருக்காளா? வேற யாராவது கீழ நிக்கிறாங்களா?

"அவ வந்துட்டா மாப்ள, விட்டுடுங்க!" ஈரோட்டு அத்தை.

"டேய் சாமி, கை வெந்து போவுதுடா, விட்டுடுடா!" பாவாயி அழுவுது. "நாந்தான்டா துளை போடக் கூடாதுன்னேன். என் புத்தி. போட்டுத் தொலைடா கீழ!"

ஸ்டூலு டொக்கு டொக்குன்னு ஆடுது. கையில கொப்புளம் வந்து, உடைஞ்சு, வழுக்குது.

அப்போ சுவத்துக்கிட்ட இருந்து கோகிலா சொன்னா. மெதுவாத்தான் சொன்னா, மூச்சு வாங்குது பாவம். "மாமா, நான் இங்க இருக்கேன். கொழந்தை உதைக்குது. நல்லா இருக்கோம். விட்டுடு மாமா."

...

தூங்கிட்டியா?

"ம்ஹும். விட்டானா அண்ணா?"

யாரோ ஓடிப் போய் மெயினை அணைச்சாங்க. சமையல்காரங்க ரெண்டு பேரு பெஞ்சு போட்டு ஏறி, ஆளுக்கொரு பக்கம் விளக்கைப் புடிச்சாங்க. புடிச்சுட்டோம்ப்பா, கையை எடுன்னாங்க. அவன் வெரலு பிரியவே இல்ல. ஒவ்வொண்ணா அவங்கதான் பிரிச்சு எடுத்தாங்க.

கதை கூரைக்குப் போச்சு, நீ போர்வைக்குள்ள போ.

"விட்டுடுன்னு கோகிலாவே சொன்னாளே?"

சொன்னா. எல்லாருந்தான் சொன்னாங்க. அவன் விடல.