பதில் சொல்லாத பாலாறு

உறையூரில் ஒரு சைக்கிள் கடையின் மாடியில், ரத்தம் கேட்பவர்களையும் கொடுப்பவர்களையும் சேர்த்துவைக்கும் சிறிய அலுவலகம் ஒன்று இருந்தது. அதன் கணினிகளைக் கவனித்துக்கொண்டவர் மீனலோசனி. வயது முப்பத்தாறு. எல்லோரும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

அவரிடம் இரண்டு பேர் வேலை கற்றுக்கொண்டார்கள். ஒருவர் ஹபீப். இன்னொருவர் குழந்தைசாமி. பல வருடம் ஊர் ஊராக மருந்து விற்றுவிட்டு, தலை நரைத்த பிறகு கணினி நிரல் எழுத வந்தவர். மாணவர்தான் என்றாலும் வயதில் மூத்தவர் என்பதால் டீச்சர் அவரை அண்ணே என்பார்.

மருத்துவமனைகள் அனுப்பும் கோரிக்கைகள் கணினியில் ஒரு வரிசையாக வந்து நிற்கும். அந்த வரிசையின் முன்னால் ஐந்து நிரல்கள் காத்திருக்கும். ஒவ்வொன்றும் ஒரு கோரிக்கையை எடுத்துக்கொண்டு, ரத்தம் தர ஒப்புக்கொண்டவர்களுக்கு ஒருவர் பின் ஒருவராகப் போன் போட்டு, வரச் சம்மதமென்றால் ஒன்றாம் எண்ணை அமுக்கச் சொல்லும். யாராவது சம்மதித்தால், முடிந்தது என்று வந்து சொல்லிவிட்டு அடுத்ததை எடுக்கும்.

வரிசைக்கு ஒரு காவலன் உண்டு. அவனும் நிரல்தான். ‘இருக்கிறாயா?’ என்று எல்லோரையும் அடிக்கடி கேட்பான். மூன்று முறை கேட்டும் பதில் இல்லையென்றால், பெயரை அடித்துவிட்டு அந்தக் கோரிக்கையை வேறு நிரலிடம் கொடுத்துவிடுவான்.

நிரல்களுக்கு ஆற்றுப் பெயர்களாகப் பார்த்து வைத்தவர் குழந்தைசாமி.

அன்று காலை அலுவலகத்துக்குள் நுழைந்ததும் அவர் திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“டீச்சர், பாலாற்றைக் காணோம்.”

“அது எப்ப அண்ணே இருந்துச்சு?” என்றார் ஹபீப்.

குழந்தைசாமி சிரிக்கவில்லை. “நொய்யலையும் காணோம். ரெண்டும் ஒரே கோரிக்கையை எடுத்துட்டுத்தான் போயிருக்கு. இப்போ அது வைகை கையில இருக்கு.”

கரூரிலிருந்து வந்த கோரிக்கை அது. பிரசவத்துக்காகச் சேர்ந்திருந்த ஒரு பெண். பத்தாயிரத்தில் ஒருவருக்கு இருப்பதே அரிதான பம்பாய் வகை ரத்தம். ரத்தம் கிடைக்கும் என்று உறுதியானால்தான் அறுவை செய்ய முடியும். இல்லையென்றால் மதியத்துக்குள் மதுரைக்கு அனுப்ப வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அந்த நிலையில் அவ்வளவு தூரம் வண்டியில் போவது நல்லதல்ல என்றும் சொல்லியிருந்தார்.

“ஏன் டீச்சர் இப்படிக் காணாமப் போகுது?” என்றார் குழந்தைசாமி.

“காணாமப் போச்சுன்னு யார் சொன்னது?”

“காவலன்தான்.”

டீச்சர் தன் டீயை ஒரு வாய் குடித்தார்.

“அதோட இன்னொரு தொல்லை டீச்சர். ஒரே ஆளுக்கு ரெண்டு தடவை, மூணு தடவை போன் போகுது. ‘உங்களுக்கு வேற வேலை இல்லையா’ன்னு திட்டுறாங்க. போன வாரம் ரெண்டு பேர் பேரையே எடுக்கச் சொல்லிட்டாங்க.” குழந்தைசாமி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். “அதுக்கு ஒரு விதி எழுதி வச்சிருக்கேன். நீங்க சரின்னா ஓட விட்டுடறேன்.”

“காட்டுங்க.”

திரையைத் திருப்பிக் காட்டினார். மூன்று முறை கூப்பிட்டும் பதில் இல்லையென்றால், பெயரை அடிப்பதோடு நிற்க வேண்டாம். அந்த நிரலையே அணைத்துவிட்டு, அதன் இடத்தில் புதிதாக ஒன்றை உட்கார வை. அவ்வளவுதான் விதி.

டீச்சர் அதை இரண்டு தடவை படித்தார்.

“தெளிவா எழுதியிருக்கீங்க அண்ணே.”

குழந்தைசாமிக்கு முகம் மலர்ந்துவிட்டது. “அப்போ ஓட விடட்டுமா?”

“இருங்க. முதல்ல கரூரைப் பார்ப்போம். இந்த வகை ரத்தம் உள்ளவங்க நம்மகிட்ட எத்தனை பேர்?”

“பத்துப் பேர்கூடத் தேறாது.”

“நீங்களே கூப்பிட்டுப் பாருங்க.”

எண்களைக் குறித்துக்கொண்டு அவர் பின்பக்கப் படிக்குப் போனார். அங்கேதான் டவர் ஒழுங்காகக் கிடைக்கும். கீழே சைக்கிள் கடைக்காரர் ஒரு சக்கரத்தைச் சுத்தியால் தட்டிக்கொண்டிருந்தார்.

முதல் எண் அடித்து ஓய்ந்தது. அடுத்தது அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மூன்றாவதை எடுத்த பெண், தான் போன மாதம்தான் கொடுத்ததாகச் சொல்லி வருந்தினாள். அவளுக்கு ஆறுதல் சொல்லி வைக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. நாலாவது எண்ணை எடுத்தவர் மணப்பாறைக்காரர். பெயர் செங்குட்டுவன். எடுத்ததுமே கத்தினார்.

“யாருங்க?”

“சார், ரத்த விஷயமா...”

“அட, காலையிலேர்ந்து எத்தனை தடவைய்யா? ஒண்ணை அமுக்கச் சொன்னீங்க, அமுக்கினேன். மறுபடியும் கூப்பிட்டு அமுக்கச் சொன்னீங்க. மறுபடியும் அமுக்கினேன். ஒரு தடவை சொன்னா நம்ப மாட்டீங்களா?”

உள்ளேயிருந்து டீச்சரின் குரல் கேட்டது. “அண்ணே, இருக்கீங்களா?”

குழந்தைசாமி போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். “சார், இப்போ எங்கே இருக்கீங்க?”

“பஸ்ல குளித்தலை தாண்டிட்டேன்.”

“குளித்தலையிலே என்ன வேலை?”

“என்ன வேலையா? கரூருக்குப் போக வேற எந்த வழியா போறது? ஏன்யா, நீங்கதானே வரச் சொன்னீங்க?”

“அண்ணே, இருக்கீங்களா?”

குழந்தைசாமி, குரல் வந்த பக்கம் கையை உயர்த்தி, இதோ வந்துவிட்டேன் என்று ஜாடை காட்டினார். “சார், கோவிச்சுக்காதீங்க. முதல் போன் எப்போ வந்துச்சு?”

“காலையில. பல் விளக்கிட்டு, ஏழு மணி செய்தி கேட்டுட்டிருந்தேன்.”

“அண்ணே!”

அது அவர் காதில் விழவே இல்லை. பாலாற்றின் பெயர் அடிபட்டது ஆறரைக்கு. திரையில் பார்த்தது நன்றாக நினைவிருந்தது.

செங்குட்டுவனிடம் இரண்டு தடவை நன்றி சொன்னார். “நன்றி எல்லாம் அப்புறம். முதல்ல கூப்பிடறதை நிறுத்துங்க” என்று அவர் வைத்துவிட்டார். உடனே குழந்தைசாமி கரூர் மருத்துவமனைக்குப் போன் போட்டார். எடுத்த நர்ஸ், “டாக்டர், ஆள் பஸ்ல வந்துட்டிருக்காராம்!” என்று கத்தியது கேட்டது. பிறகு போனில், “அப்போ மதுரைக்கு அனுப்பலை சார். இங்கேயே பார்த்துடுவாங்க” என்றாள்.

குழந்தைசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். அவருடைய நாற்காலியில் ஹபீப் உட்கார்ந்திருந்தார்.

“என்னய்யா இது?”

“டீச்சர் உட்காரச் சொன்னாங்க.”

“என் டீ எங்கே?”

“அதையும் என்னையே குடிக்கச் சொன்னாங்க. நீங்க போயிட்டீங்களாம்.”

“எங்கே போயிட்டேனாம்?”

“கேட்டுக்கலை அண்ணே. டீயில சர்க்கரை கம்மி.”

குழந்தைசாமி டீச்சரிடம் போய் நின்றார்.

“கிடைச்சாச்சு டீச்சர். கரூர்லயும் சொல்லிட்டேன்.”

“ரொம்ப சந்தோஷம் அண்ணே.”

“என் நாற்காலி...”

“மூணு தடவை கூப்பிட்டேன். பதில் வரலை.”

“ஒரு காதுல அந்த மனுஷர் கத்திட்டிருக்கார். எப்படி டீச்சர் பதில் சொல்றது? கையைக் கூடக் காட்டினேனே.”

“சுவருக்கா?”

ஹபீப் திரைக்குப் பின்னால் தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

குழந்தைசாமி அங்கிருந்த முக்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

“பாலாறும் போன் போட்டுக்கிட்டுத்தான் இருந்திருக்கு டீச்சர். பேரை அடிச்ச பிறகும். இந்த வகைக்கு யாரும் சீக்கிரம் கிடைக்க மாட்டாங்க. ஒவ்வொருத்தரா அடிச்சுப் பார்த்துட்டே இருந்திருக்கு. அவர் சம்மதிச்சதும் வந்து முடிஞ்சதுன்னு சொல்லியிருக்கும். பேர் இல்லாததாலே காவலன் காதுலயே வாங்கியிருக்க மாட்டான்.”

“ம்.”

“நொய்யலும் அப்படித்தான்.”

“ம்.”

“என் விதி நேத்தே ஓடியிருந்தா, பாலாற்றை ஆறரைக்கு அணைச்சிருப்பேன். பின்னால வந்த நொய்யலும் அவரை எட்டறதுக்குள்ள அணைஞ்சிருக்கும். அவருக்குப் போனே போயிருக்காது.”

டீச்சர் தன் தம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார். அதில் பாதி டீ இருந்தது. அவர் எடுத்துக்கொண்டார்.

“மூணு தடவைங்கறதை முப்பது ஆக்கிட்டா?”

“நிஜமாவே ஒண்ணு செத்துப்போனா?”

“அது கையில இருக்கற கோரிக்கை முப்பது தடவை வரைக்கும் காத்துக் கிடக்கும்.” அவரே தலையை ஆட்டிக்கொண்டார். “வேண்டாம். ஒவ்வொரு போனுக்கும் நடுவுல தலையைத் தூக்கி, இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லிடலாம். வேலையும் நிக்காது. காவலனுக்கும் தெரியும்.”

“செய்யுங்க அண்ணே.”

அவர் எழுந்தார். இரண்டடி போய்விட்டுத் திரும்பினார்.

“ஒண்ணு கேட்கலாமா டீச்சர்? படி இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தானே இருக்கு. ஒரு தடவை எட்டிப் பார்த்திருக்கலாமே?”

“பார்த்தேனே.”

“பார்த்தீங்களா?”

“கதவுகிட்ட வந்து நின்னேன். குளித்தலையில என்ன வேலைன்னு கேட்டுட்டிருந்தீங்க. வேர்த்துக் கொட்டிட்டிருந்தது.”

“அதைப் பார்த்த பிறகுமா என் நாற்காலியைத் தூக்கிக் கொடுத்தீங்க?”

“நீங்க எழுதின விதிப்படிதான் அண்ணே நடந்தேன். எட்டிப் பார்க்கணும்னு அதுல எங்கேயும் இல்லையே.”