டீச்சரின் அமாவாசை

“டீச்சர், வைரஸே வராத கம்ப்யூட்டர்னு ஒண்ணு உலகத்துல இருக்கா?”

படியேறி முடிப்பதற்குள் கேட்டுவிட்டார் இன்னாசிமுத்து. அவருக்கு மூச்சு வாங்கியது. தோளில் லேப்டாப் பை தொங்கியது. மார்போடு ஒரு துணிப்பொட்டலத்தை அணைத்துப் பிடித்திருந்தார்.

சௌந்தரவல்லி டீச்சர் பரணைக் காட்டினார். அங்கே ஒரு பெரிய அட்டைப்பெட்டி இருந்தது.

“அதோ இருக்கு. வாங்கினதுலேர்ந்து பிரிக்கவே இல்ல.”

வேறு நாளாக இருந்தால் இன்னாசிமுத்து விழுந்து விழுந்து சிரித்திருப்பார். இன்றைக்கு அவருக்கு அழுகைதான் வந்தது.

இன்னாசிமுத்து திண்டுக்கல்லில் பூட்டுக்கடை வைத்திருப்பவர். ஐம்பதைத் தாண்டிய ஆள். நல்ல கணீர்க் குரல். மாதா கோயிலில் பைபிள் வாசிக்க எழுந்தால் மைக் இல்லாமலே பின்வரிசைக்கும் கேட்கும். அந்தக் குரலில் பார்வையில்லாத பிள்ளைகளுக்குப் பாடம் வாசித்துப் பதிவு செய்யலாமே என்று அவருக்கு யோசனை சொன்னவர் டீச்சர்தான். பதிவு செய்யவும் வெட்டவும் ஒட்டவும் கற்றுக்கொடுத்தவரும் டீச்சர்தான். வயதில் டீச்சர் இளையவர். அதனால் என்ன, குரு குருதான் என்பார் இன்னாசிமுத்து.

டீச்சர் பாலிடெக்னிக் வேலையை விட்டுவிட்டு, வத்தலக்குண்டுக்கு மேலே மலையில், கணவரின் காபித் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தவர். நிம்மதியாக இருக்கலாம் என்றுதான் வந்தார். ஊர் விட்டால்தானே? கம்ப்யூட்டரில் எது போனாலும் தூக்கிக்கொண்டு மலையேறி வந்துவிடுவார்கள்.

டீச்சரிடம் இருக்கிற ஒரு ஃபைல்கூட இதுவரை தொலைந்ததில்லை என்று கீழே பேசிக்கொண்டார்கள். அப்படியென்றால் அவர் எவ்வளவு பெரிய பூட்டுப் போட்டு வைத்திருக்க வேண்டும்! இன்னாசிமுத்து இதைப் பலநாள் யோசித்திருக்கிறார். பூட்டு விற்கிறவருக்கு வேறு எப்படி யோசிக்கத் தோன்றும்?

“என்ன ஆச்சு சார்?”

“பூட்டுக்கடைக்காரன் வீட்டையே எவனோ பூட்டிட்டுப் போயிட்டான் டீச்சர்.”

பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகம் முழுவதையும் அவர் வாசித்துப் பதிவு செய்திருந்தார். ஆனால் அவர் தெருவில் நாய்கள் அதிகம். படை புறப்படும் இடத்தில் ஒன்று, உடன்படிக்கை எழுதும் இடத்தில் ஒன்று என்று குரைத்து வைத்திருந்தன. குரைப்பை நீக்கும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது என்று எங்கோ பார்த்து இறக்கினார். நாய் போகவில்லை, வைரஸ் வந்தது. பாடம் அத்தனையும் பூட்டிக்கொண்டது. பணம் அனுப்பினால் திறந்துவிடுவதாகத் திரையில் ஒரு அறிவிப்பு.

“பிள்ளைங்ககிட்ட ஒண்ணுகூடக் குடுக்கலையா?”

“சுத்தமா முடிச்சு மொத்தமாக் குடுக்கலாம்னு இருந்தேன்.”

“பரீட்சை எப்ப?”

“அடுத்த மாசம். ஹாஸ்டல்லேர்ந்து செண்பகம்னு ஒரு பொண்ணு தினம் போன் பண்ணுது. ‘வரலாறு ரெடியா சார்?’னு கேக்குது. நேத்து நான் போனையே எடுக்கல டீச்சர்.”

இதைச் சொல்லும்போது அந்தக் கணீர்க் குரல் போன இடம் தெரியவில்லை.

டீச்சர் துணிப்பொட்டலத்தைப் பார்த்தார்.

“அது என்ன?”

“டிஸ்க். வாரா வாரம் பாடத்தையெல்லாம் இதுல ஒரு காப்பி போட்டு பீரோவுல வச்சுப் பூட்டிருவேன். நீங்க சொல்லிக் குடுத்ததுதான்.”

“அப்புறம் என்ன? அதுல இருக்குல்ல?”

“இருக்கும் டீச்சர்.”

சொல்லிவிட்டுப் பொட்டலத்தை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

டீச்சர் நாற்காலியைக் காட்டினார்.

“உக்காருங்க. எதையும் எதுலயும் சொருகாதீங்க. காபி சொல்லிட்டு வந்துர்றேன்.”

டீச்சர் உள்ளே போனார். இங்கேதான் மனுஷன் கெட்டார்.

வைரஸைக் கொண்டுவந்த அந்த மென்பொருளை ஒரு பென்டிரைவில் போட்டு அவர் எடுத்து வந்திருந்தார். திருடனைக் கையோடு பிடித்து ஸ்டேஷனுக்குக் கூட்டி வந்தவரைப் போல அதில் அவருக்கு ஒரு பெருமை. டீச்சர் திரும்புவதற்குள் எடுத்துத் தயாராக வைத்தால் அவருக்கு வேலை மிச்சம் என்று நினைத்தார். டீச்சரின் கம்ப்யூட்டரில் சொருகினார். இதுதான் அது என்று காட்ட வசதியாக, அதன்மேல் இரண்டு தட்டும் தட்டினார்.

டீச்சர் திரும்பி வந்தபோது அவருடைய ஃபைல்கள் ஒவ்வொன்றாகப் பெயர் மாறிப் பூட்டிக்கொண்டிருந்தன.

“சொருகாதீங்கன்னு சொன்னேனே சார்.”

குரல் கொஞ்சமும் உயரவில்லை. இன்டர்நெட் வயரைப் பிடுங்கினார். சுவிட்சை அணைத்தார். பென்டிரைவை உருவித் தனியாக வைத்தார். திரை கருத்தது.

இன்னாசிமுத்து எழுந்து சுவரோடு ஒட்டி நின்றார். டீச்சருடைய அம்மாவின் போட்டோக்கள், தோட்டத்துப் பத்திரங்கள், இத்தனை வருஷமாக எழுதிய பாடங்கள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. அவருக்கு அது தெரியும். பூமி பிளந்து தன்னை விழுங்கிக்கொள்ளாதா என்றிருந்தது.

“டீச்சர்... நான்...”

அந்த நேரம் பார்த்து டீச்சரின் கணவர் தங்கப்பாண்டி காபித் தட்டோடு வந்தார். கருத்த திரையைப் பார்த்தார். சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார்.

“என்ன வல்லி, அமாவாசை வெள்ளிக்கிழமையில்ல?”

“சார் முன்னாடியே கொண்டாந்துட்டார்.”

“அப்ப வெள்ளிக்கிழமை சினிமாவுக்குப் போகலாம்,” என்று சொல்லிவிட்டு, காபியை வைத்துவிட்டு அவர் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

இன்னாசிமுத்துவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

“அமாவாசைக்கு என்ன டீச்சர்?”

“இதை அழிப்பேன்.”

“எதை?”

“இந்தக் கம்ப்யூட்டர்ல இருக்கற எல்லாத்தையும்.”

“வைரஸ் வந்தா?”

“வரலைன்னாலும்.”

 டீச்சர் காபியை இன்னாசிமுத்துவின் கையில் கொடுத்தார்.

“ஆறிரும், குடிங்க.”

அவர் குடித்து முடித்ததும் டீச்சர் இழுப்பறையிலிருந்து வேறொரு பென்டிரைவை எடுத்துச் சொருகி, கம்ப்யூட்டரை அதிலிருந்து எழுப்பினார். எல்லாவற்றையும் அழிக்கட்டுமா என்று திரை கேட்டது.

“தட்டுங்க சார்.”

“நானா?”

“கொண்டாந்தது நீங்கதானே?”

அவர் விரல் நடுங்கியது.

“அம்மா போட்டோவெல்லாம் இதுல இருக்கே டீச்சர்...”

“தட்டுங்க.”

கண்ணை இறுக மூடிக்கொண்டு தட்டினார்.

அன்று மத்தியானம் முழுவதும் இன்னாசிமுத்து டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னாளில் கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்தது இதைத்தான். உள்ளே ஒன்றுமே இல்லாத கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து டீச்சர் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை. ராத்திரி குழம்புக்கு இது போதுமா என்பதுதான் அவருடைய கவலையாக இருந்தது. இன்னாசிமுத்துவும் கூட உட்கார்ந்து உரித்தார். என்ன மனுஷி இவர் என்று மனசுக்குள் கைகூப்பிக்கொண்டே உரித்தார்.

மென்பொருள் எல்லாம் புதிதாக ஏறி முடிந்ததும் டீச்சர் அலமாரியிலிருந்து ஒரு டிஸ்கை எடுத்துச் சொருகினார்.

“இதே மாதிரி இன்னொண்ணு கீழ என் தங்கச்சி வீட்ல இருக்கு.”

“அங்க எதுக்கு டீச்சர்?”

“இந்த வீடு எரிஞ்சா?”

“சேச்சே, அப்படியெல்லாம் பேசாதீங்க.”

“பேசாம இருந்தா எரியாதா?”



ஃபைல்கள் வந்தன. பத்திரங்கள் வந்தன. பாடங்கள் வந்தன. டீச்சரின் அம்மா மஞ்சள் புடவையில், யாரையோ திட்டி முடித்த முகத்தோடு வந்து திரையில் நின்றார். அந்த அம்மாவைப் பார்த்ததும் இன்னாசிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“எல்லாம் வந்துருச்சா டீச்சர்?”

“இன்னைக்குக் காலைல ஒரு பாடம் எழுதினேன். அது மட்டும் போச்சு.”

இன்னாசிமுத்துவின் முகம் சுருங்கியது.

“ரொம்ப சுமாராத்தான் எழுதியிருந்தேன். விடுங்க.”

“டீச்சர், உங்ககிட்ட ஒரு ஃபைல்கூடத் தொலைஞ்சதில்லைன்னு கீழ எல்லாரும் சொல்றாங்க.”

டீச்சர் சிரித்தார்.

“நான் தொலைச்ச அளவுக்கு இந்த மாவட்டத்துல வேற யாரும் தொலைச்சிருக்க மாட்டாங்க சார். மாசா மாசம் தொலைக்கறேன். டிஸ்க்லேர்ந்து திரும்ப வருதான்னு பாக்கறேன்.”

மொச்சைத் தோலை வாரிக் கூடையில் போட்டுவிட்டுக் கையை நீட்டினார்.

“இப்ப உங்க டிஸ்கைக் குடுங்க.”

இன்னாசிமுத்து கொடுக்கவில்லை.

“வைரஸ் இதுக்கும் தொத்திக்கிட்டா?”

“இதைவிடச் சுத்தமான இடம் இன்னைக்கு இந்த மலையில கிடையாது. குடுங்க.”

“கொஞ்ச நேரம் போகட்டும் டீச்சர்.”

“இதைத் திறந்து பார்த்திருக்கீங்களா?”

“வைரஸ் வந்தப்புறம் பயமா இருந்துச்சு.”

“அதுக்கு முன்னாடி?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு தடவைகூடத் திறந்ததில்லை. வாரா வாரம் காப்பி போட்டார், துணியில் சுற்றினார், பூட்டினார். உள்ளே என்ன விழுந்தது என்று பார்க்கவே இல்லை. வைரஸ் வந்த பிறகோ, அந்தப் பொட்டலம் பிரிக்கப்படாமல் இருக்கிறவரைக்கும் பாடங்கள் அதில் இருக்கின்றன என்ற ஒரு ஆறுதல் அவருக்கு. பிரித்துப் பார்த்து இல்லையென்றால் செண்பகத்துக்கு என்ன பதில் சொல்வார்?

“இருக்கும்னு ஒரு நம்பிக்கைதான் டீச்சர்.”

“நம்பிக்கையை மாதாகிட்ட வைங்க சார். டிஸ்கைத் திறந்து பாருங்க.”

“இல்லைன்னா?”

“இல்லைன்னா ஒரு மாசம் இருக்கு. உங்க குரல் இருக்கு. நான் பக்கத்தைப் புரட்டறேன், நீங்க முதல் பாடத்துலேர்ந்து வாசிங்க.”

இன்னாசிமுத்து பொட்டலத்தை மடியில் வைத்தார். துணியைப் பிரித்தார். தன் கையாலேயே சொருகினார்.

டிஸ்கில் வரிசையாகப் பாடங்கள் இருந்தன. டீச்சர் ஏதோ ஒன்றைத் தட்டினார்.

அறை முழுக்க இன்னாசிமுத்துவின் குரல் நிறைந்தது. பாடத்தின் தலைப்பைச் சொல்லி, பக்க எண்ணைச் சொல்லி, ஒரு தடவை இருமிவிட்டு வாசிக்க ஆரம்பித்தது. பின்னால் ஒரு நாய் விடாமல் குரைத்தது. தன் குரலைக் கேட்டு யாராவது தேம்பி அழுவார்களா? இன்னாசிமுத்து அழுதார். டீச்சர் அதைப் பார்க்காதது போல அடுத்த பாடத்தைத் தட்டினார், அதற்கடுத்ததைத் தட்டினார். எல்லாம் திறந்தன. கடைசியாக வாசித்த ஒன்று மட்டும் அதில் இல்லை. அதைக் காப்பி போடுவதற்குள் வைரஸ் முந்திக்கொண்டது.

“அந்த ஒண்ணைத் திரும்ப வாசிச்சுக்கறேன் டீச்சர். அது ஒரு பெரிய வேலையா?” என்றார். குரல் திரும்பி வந்திருந்தது.

டீச்சர் டிஸ்கைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார். அவருடைய லேப்டாப்பை மேசைமேல் வைத்து, இழுப்பறைப் பென்டிரைவைச் சொருகினார். அழிக்கட்டுமா என்று அதுவும் கேட்டது. இந்தத் தடவை யாரும் சொல்லவில்லை. அவரே தட்டினார், கண்ணைத் திறந்துகொண்டே தட்டினார்.

அது புதிதாகி, டிஸ்கிலிருந்து பாடங்கள் ஏறிக்கொண்டிருந்தபோது செண்பகத்தின் போன் வந்தது. எடுத்தார்.

“சார், வரலாறு...”

“நாளைக்குக் காலைல வந்துரும்மா. ஆனா நடுநடுவுல நாய் குரைக்கும். பொறுத்துக்க.”

“நாய் குரைச்சா குரைச்சிட்டுப் போகுது சார். பாடம் இருக்குல்ல?”

“இருக்கு,” என்றார் இன்னாசிமுத்து.

வெயில் இறங்கி, தோட்டத்தில் குளிர் ஏற ஆரம்பித்தது. பாடங்கள் முழுவதும் லேப்டாப்பில் ஏறிவிட்டன. ஒவ்வொன்றாகத் திறந்து கேட்டுப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று, சர்ச்சில் நிற்பது போலக் கைகட்டிக் கேட்டார்.

“டீச்சர், இனிமே நான் என்ன செய்யணும்?”

“டிஸ்கைக் கழட்டுங்க.”

கழற்றினார்.

“இப்ப லேப்டாப்பை அழிங்க.”

உட்கார்ந்தார். அழிக்கட்டுமா என்று திரை கேட்கும் இடம் வரைக்கும் தானே போனார். மத்தியானம் நடுங்கிய விரல் இப்போது நடுங்கவில்லை. ஆனால் அது தட்டவும் இல்லை.

அவர் லேப்டாப்பைப் பார்த்தார். மேசைமேல் தனியாகக் கிடந்த டிஸ்கைப் பார்த்தார். விரலை எடுத்துவிட்டார்.

“மாட்டேன் டீச்சர்.”

டீச்சர் சொன்ன ஒன்றை அவர் மாட்டேன் என்றது இதுதான் முதல் தடவை.

“ஏன்?”

“அழிச்சா இது ஒண்ணுதான் மிச்சம். இன்னொரு டிஸ்க் வேணும்.”

டீச்சர் தோட்டத்துப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

“ஏங்க, ஜீப்பை எடுங்க! கம்ப்யூட்டர் கடை சாத்தறதுக்குள்ள சாரைக் கீழ கொண்டு போய் விடணும்.”