குரல் மட்டும்

இசக்கியம்மாளின் குரலைத் திருநெல்வேலியில் பாதிப்பேர் கேட்டிருந்தார்கள். அது அவளுடைய குரல் என்று அவர்களுக்குத் தெரியாது.

அவள் படித்த கல்லூரி, மாணவர் சேர்க்கைக்காக ஒரு வீடியோ எடுத்தது. மேடையேறினால் மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பேசக்கூடியவள் என்று இசக்கிக்குப் பெயர். அவளைக் கூப்பிட்டுப் பேசவைத்துப் பதிவு செய்தார்கள். வீடியோ வெளிவந்தபோது, வேப்பமரத்தடியில் சிரித்தபடி வாயசைத்தது வேறொரு பெண். சிவப்பாக, ஒல்லியாக, பல் வரிசையாக இருந்தாள்.

இசக்கி கறுப்பு. பருமன். முன்பல் இரண்டும் கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

"உன் வாய்ஸ் பிரமாதம்," என்றார் வீடியோ வேலையைக் கவனித்த எஸ்தர் மேடம். "கேமராவுக்கு முகம் வேற மாதிரி வேணும். தப்பா எடுத்துக்காத."

அவள் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. சரியாகவே எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து கண்ணாடி பார்க்காமல் தலைசீவப் பழகினாள்.

அந்த மாதக் கடைசியில், தோழி அனுப்பிய லிங்க் வழியாக ஓர் இணைய வகுப்பில் சேர்ந்தாள். தங்கள் உடம்பை நினைத்துக் கூசிப்போகிற இளம்பெண்களுக்கான ஆறு வார வகுப்பு. சனிக்கிழமைதோறும் சாயங்காலம் நடக்கும். நடத்தியவள் நிலோஃபர், ஆம்பூர்க்காரி, வயது இருபத்தாறு. இடது கன்னத்தில் தொடங்கிக் கழுத்துவரைக்கும் கருநீல மச்சம் ஒன்று அவளுக்குப் படர்ந்திருந்தது. அதை மறைக்க அவள் துப்பட்டாவை இழுத்துவிட்டு யாரும் பார்த்ததில்லை.

பதினெட்டுப் பேர் சேர்ந்திருந்தார்கள். திரையில் ஒரு முகம், பதினெட்டுக் கறுப்புக் கட்டங்கள். கட்டத்துக்குள் பெயர் மட்டும்.

"கேமராவைப் போடணுமாக்கா?" என்று முதல் நாளே ஒருத்தி கேட்டாள்.

"உங்க இஷ்டம்."

அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

முதல் மூன்று வாரமும் இசக்கிதான் அதிகம் பேசினாள். முகப்பருவை யாரும் பார்த்துவிடுவார்களோ என்று பயந்து சித்தி மகள் கல்யாணத்துக்கே போகமாட்டேன் என்று அழுத பெண்ணிடம் பத்து நிமிஷம் பேசினாள். அந்தப் பெண் கல்யாணத்துக்குப் போய்ப் பந்தியில் பரிமாறிவிட்டும் வந்தாள்.

"நல்லாப் பேசுற," என்றாள் நிலோஃபர்.

மூன்றாம் வார வகுப்பு முடிகிற நேரத்தில், கல்லூரி வீடியோ கதையை இசக்கி எல்லோர் முன்னாலும் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டுக் கேட்டாள்.

"என் முகம் எனக்கு எப்பக்கா பிடிக்கும்?"



"அடுத்த வாரம் வா," என்றாள் நிலோஃபர்.

அடுத்த வாரம் திரையில் பத்தொன்பது கறுப்புக் கட்டங்கள் இருந்தன.

"நெட் இல்லையாக்கா?"

"இருக்கு."

"பின்ன ஏன் உங்க முகம் தெரியல?"

"அணைச்சு வச்சிருக்கேன்," என்றாள் நிலோஃபர். "நம்ம வகுப்பைப் பத்தி நான் ஒரு வீடியோ போட்டிருந்தேன்ல. அதுக்குக் கீழ ஒருத்தன் எழுதியிருக்கான். இந்த மூஞ்சியா உடம்பைப் பத்திப் பாடம் எடுக்குதுன்னு. முந்நூறு பேர் அதுக்குச் சிரிச்சிருக்காங்க."

பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னாள்.

"பாடம் நடத்தக் குரல் போதும்தானே. ஆரம்பிக்கலாமா?"

இசக்கிக்குக் காது மடல் சுட்டது.

"போதாதுக்கா," என்றாள்.

"ஏன்?"

"அவன் யாரு? அவன் ஒரு வார்த்த சொன்னா நீங்க போயிருவியளா? இது உங்க வகுப்பு. அவனுக்குப் பிடிக்கலன்னா அவன் கண்ண மூடிக்கிடட்டும். நீங்க எதுக்கு அணைக்கணும்?"

"நல்லாப் பேசுற. இதைச் சொல்றது யாரு?"

"நாந்தான். இசக்கி."

"எனக்கு எப்படித் தெரியும்? உங்க காலேஜ் வீடியோவுல இதே குரல்ல வேற ஒரு பொண்ணு பேசுறா."

இசக்கிக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. எஸ்தர் மேடத்தின் மேலா, முகம் தெரியாத அவன் மேலா, இந்த அக்காவின் மேலா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை. கேமரா பொத்தானை அழுத்திவிட்டாள்.

எண்ணெய் வடியும் நெற்றி, ஹாஸ்டல் அறையின் ஈரச் சுவர், பின்னால் கொடியில் தொங்கும் நைட்டி எல்லாமாகத் திரையில் வந்தன.

"இதுதான் நான்," என்றாள். "இப்ப நீங்க வாங்க."

நிலோஃபரின் கட்டம் வெளிச்சமானது. கண் இமைகள் வீங்கியிருந்தன. பாடத்துக்காகச் சொன்ன கதையில்லை, நிஜமாகவே அழுதிருக்கிறாள் என்று அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

சற்றுப் பொறுத்து இன்னொரு கட்டத்தில் வெளிச்சம் வந்தது. பிறகு இன்னொன்று. வகுப்பு முடியும்போது பதினோரு பெண்களின் முகங்கள் தெரிந்தன. ஏழு பேர் கடைசிவரை போடவில்லை. அவர்களை நிலோஃபர் ஒன்றும் சொல்லவில்லை.

ஐந்தாம் வாரம் எஸ்தர் மேடம் இசக்கியைத் தன் அறைக்கு வரச்சொன்னார்.

"விடுதியைப் பத்தி ரெண்டாவது வீடியோ எடுக்கிறோம். நாளைக்கு வந்து பேசிக் குடுத்துரு."

"கேமரா முன்னால யாரு நிப்பா மேடம்?"

"போன தடவ நின்ன பொண்ணுதான்."

"அப்ப அவளே பேசட்டும்."

மேடம் நிமிர்ந்து பார்த்தார். "குரல் நல்லா இருக்கேன்னுதான கேக்கறேன். அதுவும் ஒரு பெருமைதான உனக்கு?"

"குரல் என் தொண்டையிலருந்து வருது மேடம். தொண்டைக்கு மேல முகம் இருக்கு. ரெண்டும் சேந்துதான் வரும்."

"ரொம்பப் பேசுற."

"பேசத்தான கூப்பிட்டிய?"

மேடம் ஒரு தாளை எடுத்து அடுக்கினார். அடுக்கியதையே மறுபடியும் அடுக்கினார்.

"வேற ஆள் பாத்துக்கறோம். ஆண்டு விழாவைத் தொகுத்து வழங்க உன் பேரை எழுதியிருந்தேன். அதுவும் இனி இல்ல."

வருஷம் முழுக்க இசக்கி காத்திருந்த மேடை அது.

"சரி மேடம்," என்றாள். "முதல் வீடியோவுலருந்தும் என் குரல எடுத்துருங்க. முதல்வருக்கு எழுதிக் குடுத்துட்டுத்தான் போறேன்."

எழுதிக் கொடுத்தாள். நான்காம் நாள் கல்லூரியின் இணையப் பக்கத்தில் அந்த வீடியோ இல்லை. ஆண்டு விழாவைத் தொகுத்து வழங்குபவர்கள் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டிய தாளில் அவள் பெயரும் இல்லை. கூடப் படித்தவர்களில் சிலர் அவளுக்குத் திமிர் என்றார்கள்.

கடைசி வகுப்பில் இதையெல்லாம் இசக்கி சொன்னாள். முகம் திரையில் இருந்தது. யாரோ கைதட்டத் தொடங்கினார்கள். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"தட்டாதீய. எனக்கு இன்னும் ஒண்ணு மட்டும் மாறல." நிலோஃபரைப் பார்த்தாள். "ஆறு வாரம் முடிஞ்சுபோச்சுக்கா. சண்ட போட்டேன். கேமராவப் போட்டேன். ஆனா இப்பவும் இந்தத் திரையில என்னையப் பாத்தா எனக்குப் பிடிக்கல. நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லல."

"எனக்கும் என் முகம் எல்லா நாளும் பிடிக்கிறதில்ல இசக்கி," என்றாள் நிலோஃபர். "அதுக்காக அதை வீட்டுல விட்டுட்டு நான் வெளிய கிளம்புறதில்ல."