ஓடி நின்ற பிறகும் அடிக்கும் நெஞ்சு

அந்தக் காலத்தில் மிருகங்களுக்குப் பேச்சு இருந்தது, ஓட்டம்தான் இல்லை. இதயம் ஒரே கதியில் அடித்தது. தூங்கினாலும் அதே, துள்ளினாலும் அதே. அதனால் யாராக இருந்தாலும் பத்துத் தாவல்தான். பதினொன்றாவதில் கால் துவண்டு விழும்.

வேட்டையும் அப்படித்தான். செந்நாய் பத்துத் தாவல் துரத்தும், மான் பத்துத் தாவல் ஓடும். இரண்டும் முன்னும் பின்னுமாக விழுந்து, படுத்தபடியே ஏசிக்கொள்ளும்.

"என்னக்கா, இன்னைக்கு ஒன்பதுலயே விழுந்துட்டே? வயசாயிடுச்சோ?" என்னும் செந்நாய்.

"உனக்கு நாக்கு மட்டும்தான்டா ஓடுது."

ஒருநாள் செந்நாய்க்கு மூளை வேலை செய்தது. மேட்டிலிருந்து உருண்டால் ஓடவே வேண்டாம். கீழே ஓடையோரம், மூங்கில் புதரடியில் மான்குட்டி தூங்கிக்கொண்டிருந்தது. பிறந்து நாலு நாள். செந்நாய் காலை மடக்கிக்கொண்டு உருண்டது.

எதிர்ச் சரிவில் மேய்ந்த தாய்மான் பார்த்துவிட்டது. குட்டிக்கு நாற்பது தாவல் தூரம். பாய்ந்தது. பதினொன்றாவதில் கால் துவண்டது.

"அடிடா," என்றது இதயத்திடம்.

"அடிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்."

"வேகமா அடி. காலுக்கு ரத்தம் வரலை."

"பழக்கமில்ல தாயி. வெடிச்சுட்டேன்னா?"

"வெடிச்சா நாம ரெண்டு பேரும் போறோம். அடிக்கலேன்னா குட்டி போகுது. எது தேவலை?"

இதயம் துணிந்தது. ஓர் அடி விழும் இடத்தில் இரண்டு அடித்தது. பிறகு மூன்று. காலில் சூடு ஏறியது. மான் எழுந்தது. இருபது, முப்பது, நாற்பது. உருண்டு வந்த செந்நாய் தலைசுற்றல் தீர்ந்து நிமிர்வதற்குள் பின்னங்காலால் ஓர் உதை. ஓடைச் சேற்றில் போய் விழுந்தது.

"இது நியாயமில்லக்கா. பத்துதானே வழக்கம்?"

"உருண்டது மட்டும் வழக்கமாடா?"

செந்நாய் நொண்டிக்கொண்டே போய்விட்டது. மான் குட்டியை நக்கியபடி படுத்தது. இதயம் மட்டும் தடதடவென்று அடித்துக்கொண்டே இருந்தது.

"போதும், அடங்கு. குட்டி பிழைச்சாச்சு."

"மெதுவா இறங்குறேன். அந்தப் பய திரும்பி வர்றானான்னு பாத்துக்கிறேன். நாளைக்கும் ஓடுவோமா தாயி? இன்னைக்குப் பயந்துட்டேன். பழகினா சரியாப் போகும்."

ஓடினார்கள். தினமும், துரத்த ஆளில்லாமலே, மலையடி வரை போய்த் திரும்பினார்கள். ஒரு மாதத்தில் இதயம் திடமாயிற்று. முன்பு இரண்டு அடிக்கு வந்த ரத்தம் ஓர் அடிக்கு வந்தது. மான் படுத்திருக்கும்போது முன்னைவிட நிதானமாக அடித்தது. மற்ற மிருகங்களும் பார்த்துப் பழகின. செந்நாயும்தான், அது சும்மா இருக்குமா? மலைப்பாம்பு மட்டும் "நாளைக்குப் பழகிக்கிறேன்" என்று சுருண்டது. இன்னும் சுருண்டே கிடக்கிறது.

அன்று முதல்தான், ஓடினால் இதயம் வேகமெடுக்கிறது. நின்ற பிறகும் சற்று நேரம் அடித்துவிட்டே அடங்குகிறது. குட்டி பத்திரமா என்று திரும்பிப் பார்க்கிறது. பார்த்துக்கொள்ளட்டும்.