கடைசிப் பந்தியில உக்காந்த நீலக்கல்லு

தாரணி, அழுதது போதும். அத்தை மடில படு. நான் நிறுத்துற எடத்துல 'ம்' சொல்லணும், சரியா?

ஒரு ஊர்ல ஒரு கல்யாணம். ஊருன்னா மண்ணுக்கு மேல இல்ல, ரெண்டு மூணு மைல் கீழ. அங்க பாறையெல்லாம் உருகி, கொதகொதன்னு குழம்பாக் கெடக்கும். அந்தக் குழம்புதான் விருந்து. அது ஆறுறதுக்குள்ள சாப்பிட்டவங்க கல்லா வளருவாங்க. சாப்பிடாதவங்க ஒண்ணுமே ஆக முடியாது.

ம்.

அங்க டூர்மலின்னு ஒரு கல்லுக் குடும்பம். கல்யாணம் அவங்க வீட்டுலதான். அந்த வீட்டுக் கடைக்குட்டி ஊசி மொனை அளவுதான் இருப்பான். பசியோட போயி இலை முன்னால உக்காந்தான். பரிமாறிட்டிருந்த அத்தைக்காரி, வந்தவங்க மொதல்ல சாப்பிடட்டும், வீட்டாளுங்க கடைசிலதான்னு எழுப்பிவிட்டுட்டா. காக்காப்பொன்னும் வெள்ளைக்கல்லும் நெருக்கியடிச்சு உக்காந்து தின்னுச்சுங்க. பளக்பளக்.

அப்புறம் ரெண்டாம் பந்தி. குட்டி மறுபடி போனான். அவனோட அண்ணன்மாருக்கு எங்கயோ வேலையாம், சீக்கிரம் போகணுமாம். மறுபடி எழுப்பிவிட்டா. அண்ணன்மாரு இரும்பு ரசத்தை வாளி வாளியா ஊத்திக்கிட்டு, தலையிலேர்ந்து கால்வரைக்கும் கன்னங்கரேல்னு ஆனாங்க. கருப்புல ஒரு கொறையும் இல்ல. வெளிச்சம் உள்ள நுழையாது, அவ்வளவுதான்.

ம்.

அப்போ குழம்பு ஆறிட்டே வருது. குட்டி மூணாந் தடவை வந்தான்.

"அத்தை, இப்ப சாப்பிடலைன்னா நான் ஒண்ணுமே ஆக மாட்டேன்."

"இதோ ஆச்சு, சித்த நில்லு"ன்னா. அந்தப் பந்தியும் முடிஞ்சுது.

அப்புறம் கடைசிப் பந்தி. அண்டாவைச் சுரண்டினா, கர்ர்க் கர்ர்க், வேற யாரும் தொடாததுதான் மிச்சம். கொஞ்சம் வெங்காரம், தட்டாரு நகை பத்தவைக்கப் போடுவாரே, அது. கொஞ்சம் லித்தியம், உங்கப்பா போன் பேட்டரில இருக்குதே, அது. நெறைய சுடுதண்ணி. இரும்பு ஒரே ஒரு சிட்டிகை. பாயசம் இல்ல.

ஆனா மண்டபமே காலி. பாறைக்குள்ள ஒரு பொந்து, அதுல அவனும் சுடுதண்ணியும்தான். இடிக்க ஆளில்லையா, கையைக் காலை நீட்டிக்கிட்டு நிதானமாச் சாப்பிட்டான். நேரா, நீளமா, மேலெல்லாம் கோடு கோடா வளந்தான். எத்தனை நாளுன்னு நான் போயி எண்ணல.

ரொம்பக் காலம் கழிச்சு, மேல இருந்த மண்ணும் மலையும் மழையில கரைஞ்சு போனப்புறம், ஒருத்தரு கெணறு வெட்ட வெடி வெச்சாரு. படார். பொந்து தொறந்து வெளிச்சம் பட்டா, குட்டி நீலமா நிக்கிறான். உனக்கு மட்டும் எப்படிடா நீலம்னு பெரியண்ணன் கேட்டான்.

"இரும்பு கொஞ்சமாத்தான் கெடைச்சுதுண்ணா."

ம் சொல்லு. என்ன முறைக்கிற?

ஆமா, அந்த அத்தைக்காரி நான்தான். இன்னிக்கு உங்கக்கா கல்யாணத்துல மூணு பந்தி உன்னை எழுப்பிவிட்டதும் நான்தான். வந்தவங்க மொகத்தையே பாத்தேன், உன் மொகத்தைப் பாக்கல. வருத்தமா இருக்குடி. பாயசம் குடிக்காததால நீ நீலமாவும் ஆகப் போறதில்ல. சேமியா வாங்கியாரச் சொல்லியிருக்கேன். சாயங்காலம் மொத இலை உனக்கு, நான் கடைசி.

குழம்பு ஆறிடுச்சு, கல்லும் வளந்துடுச்சு. கண்ணை மூடு.